மூன்றாவது எஞ்சின்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. நான் நலம். முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, இறங்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. டீச்சரின் சளி விட்டதா? உன் மனைவி வகுப்பில் கத்துகிற கத்தலுக்குத் தொண்டை இன்னும் இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை நீ தோற்றாய்!

1952-ல் ஜெட் விமானம் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போனதே, அந்த காமெட், ரோமுக்கும் கார்ட்டூமுக்கும் நடுவில் எங்கே இறங்கியது என்று கேட்டிருந்தேன். கெய்ரோ என்று எழுதியிருக்கிறாய். பெய்ரூட்டடா! வேறு யாராவது என்றால் விட்டிருப்பேன். பயிற்சிக்குச் சேர்ந்த வருஷம் ஒரு தபால் அட்டையில் நீ எனக்கு அனுப்பிய முதல் கேள்வியே அந்த வழித்தடம்தான். அதிலிருந்துதானே இந்த விளையாட்டே ஆரம்பித்தது. கடிதத்துக்கு ஒரு கேள்வி, புத்தகம் பார்க்கக் கூடாது, தொலைபேசியில் கேட்கக் கூடாது என்று இருபத்தாறு வருஷமாக நடக்கிறது. விமானக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் கால அட்டவணைக்குப் பிழை திருத்தியவள் நான். ஆனாலும் விமானத்தைத் தொட்டு வேலை செய்கிற உன்னை இதில் ஜெயிப்பது எனக்கு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற பாக்கியம். அவசரத்தில் எழுதினாயா?

அடுத்த கேள்வி, இலகுவானது. நான்கு எஞ்சின்களையும் வாலருகிலேயே வைத்துக்கொண்டு பறந்த பெரிய பயணிகள் விமானங்கள் இரண்டு உண்டு. எவை?

வேளாவேளைக்குச் சாப்பிடு. விமானம் பழுது பார்க்கிற ஹாங்கரில் நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு அதைச் சாப்பாடு என்று சொல்லாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

நான் எழுதறது பேசற மாதிரிதான் இருக்கும். சிவப்புப் பேனாவை மூடி வை.

பெய்ரூட், ஒத்துக்கறேன். மனசு ஒண்ணு நினைச்சுது, பேனா ஒண்ணு எழுதிடுச்சு. உன் கேள்விக்குப் பதில்: வி.சி.10, டிரைடென்ட். இதெல்லாம் ஒரு கேள்வியா? பாவம் பார்த்துக் கேட்ட மாதிரி இருக்கு.

டீச்சர் சளி போயிடுச்சு. எனக்குத்தான் தலைவலி. கண்ணாடி மாத்தணும்னு நினைக்கிறேன். எங்க தலைமை ஆய்வாளர் ஏப்ரல் கடைசியில ஓய்வு. அந்த நாற்காலி எனக்குன்னு கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு. இப்பவே எல்லாரும் "சார் சார்"னு ஒரு சார் கூடப் போட்டுக் கூப்பிடறாங்க.

ஒரு கூத்து கேளு. போன வாரம் ஒரு விமானத்தைப் பறக்க விடறதுக்கு முன்னாடி சுத்திப் பார்த்துட்டு வந்தேன். இடது எஞ்சின் சரி, வலது எஞ்சின் சரி. அப்புறம் வாலுக்குக் கீழ போய் நின்னுக்கிட்டு மூணாவது எஞ்சினைத் தேடறேன்! "என்ன சார் பார்க்கறீங்க?"னு மெக்கானிக் கேட்டான். "மூணாவது எங்கேடா?"ன்னேன். அவன் சிரிச்சான், நானும் சிரிச்சேன். அது ரெண்டு எஞ்சின் விமானம். ஹாங்கரே ரெண்டு நாள் இதைச் சொல்லிச் சிரிச்சுது.

கேள்வி: 1954-ல கோபன்ஹேகன்லேர்ந்து வட துருவப் பக்கமா லாஸ் ஏஞ்சலிஸுக்கு முதல் வழக்கமான சேவை போச்சு. நடுவுல எந்த ரெண்டு ஊர்ல இறங்கினது? எந்த விமானம்?

உன்
தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரீன்லாந்தில் சோண்ட்ரே ஸ்ட்ரோம்ஃபியோர்ட், அப்புறம் வின்னிபெக். விமானம் டி.சி.6-பி. இதே பதிலை டிசம்பரில் எழுதினேன். ஜனவரியிலும் எழுதினேன். இதே கேள்வியை நீ எனக்கு மூன்றாவது முறை அனுப்பியிருக்கிறாய். ஜனவரியில் விளையாட்டுக்குச் செய்கிறாய் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

டிரைடென்ட்டுக்கு மூன்று எஞ்சின். நான் கேட்டது நான்கு. இன்னொன்று ஐ.எல்.62. வி.சி.10-ஐயும் அதையும் வெறும் கண்ணால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று எனக்குப் படம் போட்டுக் காட்டியவன் நீ. அந்தப் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மூன்றாவது எஞ்சின் விஷயத்தை வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். நான் அந்தப் பத்தியை நான்கு தடவை படித்தேன். உங்கள் ஹாங்கரிலிருந்து கடைசி மூன்று எஞ்சின் விமானம் போய் ஆறு வருஷம் ஆகிறது. வழியனுப்பியபோது அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்ததாக நீயே எழுதினாய். ஆறு வருஷமாக இல்லாத எஞ்சினை எப்படித் தேடுவாய்? கண்ணாடி மாற்றினால் தீர்கிற விஷயமா இது?

நேற்று டீச்சரிடம் தொலைபேசியில் பேசினேன். "அவருக்கு வேலைப் பளு, அண்ணி. பதவி உயர்வு வர்ற நேரத்துல எதையாவது கிளப்பாதீங்க" என்றாள். குரலில் பயம் இருந்தது. அவளும் எதையோ பார்த்திருக்கிறாள்.

ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு நல்ல மருத்துவரிடம் காட்டு. தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று ஒளிக்காமல் சொல். அதுவரைக்கும் எந்த விமானத்துக்கும் கையெழுத்துப் போடாதே. அக்கா கேட்டு நீ எதையும் மறுத்ததில்லை. இதையும் மறுக்காதே.

கவலையோடு,
அக்கா


மார்ச் 8

அக்கா,

ஒரு ஊர் பேர் தப்பாச் சொன்னா டாக்டரா? அப்போ நாட்டுல பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலதான் இருக்கணும்.

உனக்கு ஒண்ணு புரியணும். நான் ஞாபகத்துல வெச்சுக்கிட்டு வேலை செய்யறவன் இல்ல. என் கையில பட்டியல் இருக்கு. ஒவ்வொரு வரியும் பார்த்து, தொட்டு, டிக் போட்டு, அப்புறம்தான் கையெழுத்து. இத்தனை வருஷத்துல என் கையெழுத்து விழுந்த ஒரு விமானம் பாதியில திரும்பினது கிடையாது. கேள்வி விளையாட்டு வேற, வேலை வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.

இப்போ டாக்டர்கிட்ட போனா என்ன ஆகும் தெரியுமா? அவர் ஒரு சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டு ஆபீசுக்குப் போகும். "கண்காணிப்பில்"னு என் ஃபைல்ல ஒரு வரி ஏறும். அப்புறம் அந்த நாற்காலியில எனக்குப் பின்னாடி வந்தவன் உட்காருவான், நான் அவனுக்கு சார் போடணும். ஏப்ரல் முடியட்டும், நானே போறேன். சத்தியம்.

டீச்சருக்கு போன் பண்ணி அவளைக் கலவரப்படுத்தாதே. உனக்கு அவ்வளவு சந்தேகம்னா நேர்ல வந்து பார்த்துட்டுப் போ.

இந்தத் தடவை கேள்வி இல்ல. மனசு வரல.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நீ கூப்பிட்டாய், வந்தேன். வந்த விதம் சரியில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையில் உன்னைச் சோதித்திருக்கக் கூடாது. ஆனால் எட்டு மணி நேரம் ரயிலில் வரும்போதே, உன்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டால் நழுவிவிடுவாய் என்று தெரிந்துவிட்டது. கோபத்தில் நீ எதையும் கவனித்திருக்க மாட்டாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"காரவெல்லோட மூக்கு எந்த விமானத்தோட மூக்குடா?" என்று கேட்டேன். அதை உன் பயிற்சி மாணவர்களுக்கு முதல் நாளே சொல்வாயாமே.

"சாப்பிடும்போதா?" என்றாய்.

"சும்மா சொல்லேன்."

"போயிங்."

"எந்த போயிங்?"

"அதான்... அந்த நாலு எஞ்சின்..."

காமெட் என்கிற வார்த்தை உனக்கு வரவேயில்லை. டீச்சர் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்த்தாள். அடுத்து, போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கைக்கு ஒரே மூச்சில் பறந்த கேட்டலினாவில் எத்தனை பயணிகள் போகலாம் என்று கேட்டேன். வழியிலேயே இரண்டு முறை சூரியன் உதிக்கும் என்று நீ ஆசை ஆசையாகச் சொல்வாயே, அந்த விமானம். மூன்று பேர். நீ நாற்பது என்றாய். நாற்பது பேர், தம்பி! பிறகு நீயே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். "என் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு எனக்கே பரீட்சையா? கிளம்பு!" என்றாய். கிளம்பினேன்.

ஆனால் என்னை உலுக்கியது அந்தப் பதில்கள் இல்லை. உன் இடது கையில் இருந்த டம்ளர் மெல்லச் சாய்ந்து தண்ணீர் கொட்டி உன் வேட்டியெல்லாம் நனைந்தது. உனக்குத் தெரியவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ பேசிக்கொண்டே இருந்தாய்.

அந்தக் கையால்தான் விமானத்தின் பாகங்களைத் தொட்டுப் பார்த்து 'சரி' என்று எழுதுகிறாய்.

ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன். அதற்குள் நீயே உன் மேலாளரிடம் போய், உடம்பு சரியில்லை, என்னைப் பரிசோதியுங்கள் என்று சொல். நீயாகச் சொன்னால் மரியாதையோடு இருக்கும். நாற்காலிகூடக் காத்திருக்கலாம். சொல்லவில்லை என்றால் நான் அவருக்கு எழுதுவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லாமல் செய்யக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 30

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் பணியைப் பற்றி என் மேலாளருக்கு எழுதத் தங்களுக்கு எந்தத் தகுதியும் இல்லை. தாங்கள் விமானத்தைக் காகிதத்தில் பார்த்தவர். புறப்படும் நேரம், சேரும் நேரம், அவ்வளவுதான் தங்களுக்குத் தெரியும்.

தாங்கள் அப்படி ஒரு கடிதம் எழுதினால், அன்றிலிருந்து எனக்கு உடன்பிறந்தவர் என்று யாரும் இல்லை. என் மனைவியிடமும் இனிமேல் தொலைபேசியில் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வாளர், விமானப் பராமரிப்புப் பிரிவு


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை ஐந்து மணிக்குத் தபால் நிலையம் மூடும் வரை வாசலில் நின்றேன். நீ தந்தியாவது கொடுப்பாய் என்று ஒரு நப்பாசை. இன்று காலை முதல் ஆளாகப் போய், உன் மேலாளருக்கு எழுதியதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. உன் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைக் கெட்டிக்காரன் என்று அதிகமாகப் புகழ்ந்துவிட்டேன். ஒன்றில் அழுதுவிட்டேன். கடைசியில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன்: டம்ளர், மூன்றாவது எஞ்சின், ஒரே கேள்வி மூன்று முறை. 'என் தம்பி நேர்மையானவன், அவனுக்கு உடம்பு சரியில்லை, அது அவனுக்குத் தெரியவில்லை' என்று முடித்திருக்கிறேன். உன் வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தெரியவும் தெரியாது.

நான் விமானத்தைக் காகிதத்தில் பார்த்தவள் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். ஆனால் அந்தக் காகிதத்தை நம்பித்தான் ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தார்கள். ஒரு எண் மாறினால் யாரோ ஒருத்தர் கடைசியாகப் பார்க்க வேண்டிய முகத்தைப் பார்க்காமல் போவார். அந்தப் பயத்தோடுதான் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பிழை திருத்துகிறவளுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. எழுதியவர்களுக்குக் கோபம்தான் வரும். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். உன் கோபம் மட்டும் பழக்கமில்லை.

நீ என்னை அம்மையார் என்று கூப்பிடலாம். நான் உன்னை வேறு எப்படியும் கூப்பிட மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 20

தம்பி,

இதை ஆஸ்பத்திரி வரவேற்பறையின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றாவது மாடியில் நீ படுத்திருக்கிறாய். டீச்சர் செவ்வாய்க்கிழமை காலை அழைத்தாள், நீ போட்ட தடையையும் மீறி. "தலையில ஆபரேஷன் அண்ணி, இன்னிக்கே பண்ணணுமாம்" என்றாள். கையில் கிடைத்த புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொன்னார். நீ கண் திறந்ததும் நான் வந்திருப்பதை டீச்சர் உன்னிடம் சொன்னாளாம். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ வேண்டாம்னு சொல்றார் அண்ணி" என்றாள். அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ ஒரு வாக்கியம் முழுசாகச் சொன்னாய் என்பதே எனக்குப் போதும் என்று சொல்லி அவளை அனுப்பினேன். போதாது. ஆனால் அவளிடம் வேறு என்ன சொல்வது?

நான்கு நாளாக இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். வரவேற்பில் இருக்கிற பெண், "எந்த நோயாளியைப் பார்க்கணும்மா?" என்று தினமும் கேட்கிறாள். "பார்க்க வேண்டாம், இருக்கேன்" என்கிறேன். இன்று பெஞ்சில் போட்டுக்கொள்ள மெத்தை கொடுத்தாள்.

சாயங்கால ரயிலில் ஊருக்குத் திரும்புகிறேன். பதில் எழுத வேண்டாம். கை வலுக்கட்டும்.

அக்கா


ஜூன் 2

அக்கா,

இதை எழுத மூணு நாள் ஆச்சு. எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ.

முதல்ல உனக்குத் தெரியாததைச் சொல்றேன். டிசம்பர்ல ஹாங்கர் ஏணிப்படியில வழுக்கி விழுந்தேன். பின்மண்டை விமானச் சக்கரத்துல மோதினது. ரெண்டு நிமிஷம் உலகமே இல்ல. எழுந்து பார்த்தேன், பக்கத்துல யாரும் இல்ல. தட்டி விட்டுக்கிட்டுப் போயிட்டேன். விழுந்தா படிவம் நிரப்பணும், டாக்டர் பார்க்கணும், அவர் சரின்னு சொல்ற வரைக்கும் கையெழுத்து போடக் கூடாது. எங்க விதி. அந்த விதியை நானே எத்தனை பேருக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன்! ஆனா நாற்காலி கண்ணு முன்னாடி நின்னுது. டீச்சர்கிட்ட அலமாரிக் கதவு இடிச்சுடுச்சுன்னு சொன்னேன்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கசிஞ்சு கசிஞ்சு நாலு மாசமா சேர்ந்திருக்கு. ரெண்டு ஓட்டை போட்டு எடுத்தாங்க. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா எழுந்திருக்கவே மாட்டேன்னு டாக்டர் சொல்றார். உன் கடிதம் மேலாளர் மேசைக்கு வந்த அன்னிக்கே அவர் என்னைக் கூப்பிட்டு, இன்னிக்குத் தேதி என்னன்னு கேட்டார். அஞ்சு வருஷத்துக்கு முந்தின தேதியைச் சொன்னேனாம். எனக்கு அது ஞாபகம்கூட இல்ல. அன்னிக்கே என் கையெழுத்தை நிறுத்திட்டார். ஒரு வாரமா ஒவ்வொரு டாக்டரா அனுப்பி, கடைசியா ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. எடுத்த அன்னிக்கே ஆபரேஷன்.

இனிமேதான் கஷ்டமான விஷயம்.

டிசம்பர்லேர்ந்து நான் கையெழுத்து போட்ட முப்பத்தி நாலு விமானத்தையும் திரும்பப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. முப்பத்தி மூணு சரியா இருந்துது. ஒண்ணுல, வாலோட கிடைமட்டப் பலகையைப் பிடிச்சிருக்கற போல்ட்டுல, நட்டு கழலாம இருக்கப் போடற கம்பி இல்ல. நட்டு பாதி கழண்டிருந்துது. அந்த வரிக்கு நேரா என் டிக், கீழ என் கையெழுத்து. நடுங்காத, அழகான கையெழுத்து. அந்த விமானம் அதுக்கப்புறம் நாற்பத்தோரு தடவை போய் வந்திருக்கு. நான் டிக் போட்டது ஞாபகம் இருக்கு. பார்த்தது ஞாபகம் இல்ல.

மேலாளர் இதை வீட்டுக்கு வந்து சொன்னார். டீச்சர் சமையலறையிலேயே நின்னுட்டா. நான் குளியலறைக்குப் போய் குழாயைத் திறந்து விட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் விசாரணை. மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. "உடம்பு சரியில்லாததால நடந்தது, உங்க தப்பு இல்ல. ஆறு மாசம் கழிச்சு டாக்டர் சரின்னா உரிமத்தைப் புதுப்பிச்சுக்கலாம்"னு ஒருத்தர் சொன்னார். நல்ல மனுஷன். தலையாட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். விழுந்ததை நான் சொன்னேன் அக்கா. யாரும் கேட்கல, நானாச் சொன்னேன். மூளை ஏமாத்தினது அதோட தப்பு. மறைச்சது நான், தெளிவா இருந்த மூளையோட. உரிமத்தை எடுத்து மேசை மேல வெச்சுட்டு வந்துட்டேன். கருவி அறையில ஒரு மேசை கொடுத்திருக்காங்க. யார் என்ன எடுத்துட்டுப் போறாங்கன்னு எழுதணும். இப்ப யாரும் சார் போடறதில்ல, ஆனா கூடச் சிரிக்கறாங்க.

உன்மேல கோபம் போகல. நீ செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இன்னும் கஷ்டமா இருக்கு. தப்பு செஞ்சவங்க மேல இருக்கற கோபத்தை எங்கேயாவது இறக்கி வெச்சுடலாம். உன்மேல இருக்கறதை எங்கே வைக்கறதுன்னு தெரியல. காலையில எழுந்ததும் உன்னைத் திட்டறேன். பல் தேய்க்கும்போதே அந்த நட்டு ஞாபகம் வருது, நிறுத்திடறேன். தினம் இதேதான்.

நாலு நாள் கீழ உட்கார்ந்திருந்தியாமே. உன் ஆஸ்பத்திரிக் கடிதத்தை டீச்சர் இப்பதான் கையில கொடுத்தா. நான் ஒரு தடவைதான் வேண்டாம்னு சொன்னேன்னு நினைச்சேன். நாலு நாளும் கேட்டாளாம், நாலு நாளும் சொன்னேனாம்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஸ்டேஷனுக்கு டீச்சர் வருவா, நான் வரல. வந்ததும் மன்னிச்சியான்னு கேட்காதே, எனக்கே தெரியாது. நான் பேசாம இருந்தா நீயும் பேசாம இரு, பேப்பர் படி. ரெண்டு நாளாவது இருக்கற மாதிரி துணி எடுத்துட்டு வா.

தம்பி